ஆளுக்குப் பதில் ஆள்

அந்தக் குமாஸ்தா செய்தது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஒரு கிழவரின் கட்டைவிரலைத் துடைத்துவிட்டார், அவ்வளவுதான்.

தையல்காரி முதன்முதலாக வக்கீல் ஆபீஸுக்குப் போன நாள் அது. சைக்கிள் கடைக்கு மேலே மாடி. ஏறும்போது முனகுகிற மரப்படி. கீழே டியூபுக்குக் காற்றடிக்கிற சத்தம், மேலே கேஸ் கட்டுகளுக்கு நடுவில் யாரோ பெருமூச்சு விடுவது போலக் கேட்கும். அவளுக்கு முன்னால் மூட்டை தூக்கும் கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுதத் தெரியாதவர். குமாஸ்தா அவர் கையைப் பிடித்து, விரலை மையில் உருட்டி, காகிதத்தில் பதிய வைத்தார். வேலை முடிந்தது. கிழவர் எழுந்தார். அந்த நீல விரலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உள்ளங்கைக்குள் மடக்கி ஒளித்துக்கொண்டார்.

“பெரியவரே, ஒரு நிமிஷம்” என்றார் குமாஸ்தா. மேசை இழுப்பறையிலிருந்து எண்ணெய்ப் புட்டியும் பழைய துணியும் வந்தன. நகக்கண்ணில் ஒட்டியிருந்ததைக்கூட விடாமல், குழந்தைக்குத் துடைப்பது போலத் துடைத்தார்.

“பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சா நாலு பேர் பார்ப்பாங்க. கைநாட்டுன்னு அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்? அது உங்களுக்கும் எனக்கும் நடுவுல இருக்கட்டும்” என்று காதோடு சொன்னார்.

தையல்காரி பாதி மனதோடுதான் அங்கே வந்திருந்தாள். வழக்கும் வேண்டாம் வம்பும் வேண்டாம், மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்காவது போய்விடலாம் என்பது மறுபாதி மனது. துடைத்த விரலோடு அந்தக் கிழவர் நிமிர்ந்து படி இறங்கிப் போனதைப் பார்த்ததும் மறுபாதியும் உட்கார்ந்துவிட்டது. ஆண்டவன் ஆளைக் காட்டுகிற விதம் அப்படி. பெரிய வெளிச்சமெல்லாம் போட மாட்டான்.

அவள் வழக்கு இதுதான். வீட்டில் தெருவைப் பார்த்த முன்னறை ஒன்று. அதில் அவளுடைய தையல் மெஷின், வெட்டுகிற மேசை, பள்ளிக்கூடச் சட்டைகள் தொங்குகிற கம்பி. அந்த அறையில்தான் அவளுக்கும் மகளுக்கும் சோறு. புருஷன் போய்ச் சேர்ந்த மறுவருஷமே கொழுந்தன் கோர்ட்டுக்குப் போய்விட்டான். வீடு அப்பா பேரில் இருந்தது, இப்போது தன் பேரில் இருக்கிறது, அண்ணிக்கு அந்த அறையில் உரிமையில்லை, காலி செய்ய வேண்டும் என்று. அறை போனால் மெஷின் தெருவில் நிற்கும். மெஷின் தெருவில் நின்றால் அவள் எங்கே நிற்பாள்?

“படிக்கத் தெரியுமா தங்கச்சி?” என்று கேட்டார் குமாஸ்தா.

“அஞ்சாவது வரைக்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.”

“கூட்டிப் படிக்கறவங்கதான் ஒழுங்காப் படிப்பாங்க. நான் வாசிக்கறேன், நீ கூடவே விரல் வெச்சுட்டு வா.”

வக்காலத்து என்கிற அந்தக் காகிதத்தை, ஒரு வரி விடாமல் அவளுக்கு வாசித்துக் காட்டினார். எனக்காக ஆஜராகவும், பேசவும், மனு போடவும் இன்னாரை நியமிக்கிறேன் என்று அது சொன்னது. மற்ற ஆபீஸ்களில் ‘இங்க, இங்க, இங்க’ என்று மூன்று இடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்களாம். இவர் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். உள்ளறையிலிருந்து வக்கீல் ஐயாவின் கனமான குரல் வந்தது.

“என்னய்யா, வக்காலத்து எழுதறியா, புராணம் வாசிக்கறியா?”

“முடிஞ்சுதுங்கய்யா, மங்களம் பாடிட்டே இருக்கேன்” என்றார் குமாஸ்தா.

அவர் அந்த ஆபீஸுக்கு வந்த கதையே வேடிக்கை. பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையை மூன்று தடவை எழுதினார். மூன்று தடவையும் கணக்கு அவரைக் கைவிட்டது. அவருடைய தாய்மாமன்தான் அப்போது ஐயாவிடம் குமாஸ்தா. மாமாவுக்குக் காய்ச்சல் வந்து, “பத்து நாளைக்கு எனக்குப் பதிலா நீ போய் உட்காருடா” என்று அனுப்பினார். காய்ச்சல் சரியானதும் மாமா வேறு தொழிலுக்குப் போய்விட்டார். மருமகன் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“முப்பத்தோரு வருஷமா மாமாவுக்குப் பதிலாத்தான் இருக்கேன். அவர் எப்ப வந்து கேட்டாலும் எழுந்துடணும்” என்பார்.

உயரமான, ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. கண் மட்டும் எதிரில் இருப்பவரைத் தாண்டி எங்கோ தூரத்தில் யாரோ வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அவர் வீட்டுக்காரம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை. ஒரே மகளை வெளியூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். “ஊர் கேஸுக்கெல்லாம் ஆஜர், வீட்டுல மட்டும் ஆப்சென்ட்” என்று அந்தம்மா தையல்காரியிடமே சொல்லிச் சிரித்திருக்கிறாள், ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தபோது.

வழக்கு என்றால் வாய்தா. வாய்தா என்றால் பெஞ்சு. கோர்ட்டு நடையில் சுவரோரமாகப் போட்டிருந்த நீளமான பெஞ்சில் அவள் ஆறு வருஷம் உட்கார்ந்தாள். உயரத்தில் இருந்த கண்ணாடிகள் வழியாக வெயில் சாய்வாக இறங்கும். அதில் தூசி மிதக்கும். புறாக்கள் உத்தரத்தில் முனகிக்கொண்டிருக்கும். உள்ளேயிருந்து டவாலி பேர் கூப்பிடுகிற குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல வரும். அந்த நடையில் காலையா மாலையா என்று தெரியாது. உட்கார்ந்தபடியே அவள் சட்டைக்குப் பொத்தான் தைப்பாள். பக்கத்தில் குமாஸ்தா கேஸ் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

ஒருநாள் அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

“ஏண்ணே, எம் பொண்ணு பரீட்சையில வக்கீல்னு எழுதிட்டாளாம். டீச்சர் அடிச்சுட்டு வழக்கறிஞர்னு எழுதச் சொன்னாங்களாம். எதுண்ணே சரி?”

குமாஸ்தாவின் கண் அந்தத் தூரத்திலிருந்து திரும்பி வந்தது. பழைய காகிதக் கடையில் அட்டை போன அகராதி ஒன்றை எடைக்கு வாங்கி வந்து படிக்கிற ஆள் அவர். பசித்தவனிடம் பந்தியைக் காட்டியது போல ஆயிற்று.

“ரெண்டும் நல்ல பேருதான் தங்கச்சி. வழக்கறிஞர்னா வழக்கை அறிஞ்சவர். அது அவருக்கு என்ன தெரியும்னு சொல்ற பேரு. வக்கீல்ங்கறது நீ அவர்கிட்ட என்ன குடுத்தேன்னு சொல்ற பேரு.”

“நான் என்னத்தைக் குடுத்தேன்? ஒரு கையெழுத்து.”

“அடடா, கையெழுத்தா அது? இவர் நின்னா நான் நின்ன மாதிரி, இவர் பேசினா நான் பேசின மாதிரின்னு உன்னையே தூக்கிக் குடுத்திருக்க. அரபு பாஷையில பொறந்த சொல்லு அது. ஒப்படைச்ச காரியத்தைப் பார்த்துக்கறவன்னு அர்த்தம். அந்த பாஷையில ஆண்டவனுக்கே அப்படி ஒரு பேர் உண்டு. எல்லாத்தையும் அவன்கிட்ட ஒப்படைச்சுட்டு நிம்மதியா இருக்கலாம் பாரு, அதனால.”

தையல்காரியின் ஊசி நின்றது. அவளும் தினம் காலையில் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் கண்ணை மூடி, ‘நீயே பார்த்துக்கோப்பா’ என்று சொல்கிறவள்தான். அப்படியானால் இத்தனை வருஷமாக அவளும் ஒருவிதமான வக்காலத்துதான் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

குமாஸ்தா பேசிக்கொண்டே போனார். அந்தச் சொல் வணிகர்களோடும் படைகளோடும் ஊர் ஊராகப் போய் ராஜாக்களின் சபைக்குள் நுழைந்தது. ஒரு ராஜா இன்னொரு ராஜாவின் சபையில் தனக்குப் பதிலாக ஓர் ஆளை உட்கார வைப்பான். அந்த ஆளுக்குப் பேர் வக்கீல். பல நாள் குதிரை ஏறிப் போவான். மடியில் முத்திரை வைத்த ஓலை. அவன் வாய் ராஜாவின் வாய். அவனை ஒருவன் அவமானப்படுத்தினால் ராஜாவையே அவமானப்படுத்தினதாகக் கணக்கு. வேற்று ஊரில், வேற்றுச் சனங்கள் நடுவில், தன் சொந்த விருப்பு வெறுப்பையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு அவன் உட்கார்ந்திருப்பான்.

கேட்கக் கேட்க அவளுக்குக் கண் சொருகியது. தூக்கமில்லை. நடையின் கோடியில் வெயில் விழுந்த இடத்தில் ஒரு குதிரை வந்து நின்று தலையை ஆட்டியது போல இருந்தது. அதன் மேல் களைத்துப்போன ஓர் ஆள். புழுதி படிந்த முகம். யாருக்காகவோ பேச வந்தவன்.

“அப்ப ராஜாவுக்குத்தான் வக்கீல். உனக்கும் எனக்கும் ஏது? அப்புறம் கோர்ட்டுங்க வந்துச்சு. சட்டம் படிச்சு, சன்னதுன்னு அனுமதிப் பத்திரம் வாங்கினவங்களுக்கு அந்தப் பேரைக் குடுத்தாங்க. அங்கதான் தங்கச்சி விசேஷமே. ராஜாவுக்கு மட்டும் நின்ன ஆள், தையல்காரிக்கும் வந்து நின்னான் பாரு. அதுதான் சரித்திரம். மத்ததெல்லாம் சண்டை.”

“அந்த ராஜா வக்கீலும் வாய்தா வாங்குவாராண்ணே?”

“வாங்காமலா? ராஜாக்கள் கேஸு மூணு தலைமுறைக்கு ஓடும். உன்னுது ஆறே வருஷம். கொசுறு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். டவாலி எட்டிப் பார்த்து, “சத்தம், சத்தம்” என்றான்.

குமாஸ்தாவுக்கு ஒரு தொழில் வித்தை உண்டு. ஐயாவுக்கு ஒரே நேரத்தில் மேலே ஒரு கோர்ட்டிலும் கீழே ஒரு கோர்ட்டிலும் வழக்கு இருக்கும். கீழே நம்பர் கூப்பிடும்போது அவர் படியில் இறங்கிக்கொண்டிருப்பார். ஐயா போட்டிருந்தது பழைய பூட்ஸ். வலது காலில் கீச்சென்று ஒரு சத்தம், இடது காலில் தட்டென்று ஒரு சத்தம். அத்தனை பேர் நடக்கிற இடத்திலும் குமாஸ்தாவின் காதுக்கு அது தனியாகக் கேட்கும். வாசலில் தலையைச் சாய்த்தபடி நிற்பார். டவாலி ஒரு தடவை கூப்பிடுவான், இரண்டாம் தடவை கூப்பிடுவான். மூன்றாவதற்கு முன்னால் கீச்-தட், கீச்-தட் கேட்கும். உடனே, “ஆஜருங்கய்யா, வந்துட்டே இருக்கார்!” என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் அடங்குவதற்குள் ஐயா உள்ளே நுழைவார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூட இது பிசகியதில்லை.

ஆறாம் வருஷம் புதிதாக ஒரு நீதிபதி அம்மா வந்தார். கண்டிப்பானவர். “இந்த வழக்குல எதிர்த்தரப்புக்கு இன்னும் ஒரே வாய்தா. அன்னிக்கு உங்க பக்கம் யாரும் இல்லைன்னா நான் தீர்ப்பு எழுதிடுவேன்” என்று வக்கீல் ஐயாவிடம் சொல்லி ஒரு திங்கட்கிழமையைக் குறித்தார். கொழுந்தன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, “அண்ணி, மெஷினுக்கு வண்டி சொல்லி வெச்சுக்கங்க” என்றான். தையல்காரி பதில் சொல்லவில்லை. வாயைத் திறக்காதே, உனக்குப் பதிலாகத்தான் ஐயா இருக்கிறார் என்று குமாஸ்தா முதல் நாளே சொல்லியிருந்தார். ஆறு வருஷமாக அவள் அதைக் காப்பாற்றி வந்தாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை சாயங்காலம், சாய்வு நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டே ஐயா போய்விட்டார். பத்திரிகை மடியிலேயே இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்தது. குமாஸ்தா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டார். ஐயா எழுந்து வந்து ஏதாவது கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருப்பவர் போல ஓரமாக நின்றார்.

திங்கள் காலையில் பெஞ்சில் தையல்காரி அவரைப் பார்த்தபோது அவர் முகம் சலவைக்குப் போட்ட துணி மாதிரி வெளுத்திருந்தது.

“என்னண்ணே ஆகும் இப்ப?”

“பக்கத்து ஆபீஸ்ல வக்கீலா இருக்கிற பொண்ணுகிட்ட சொல்லியிருக்கேன். ஐயா தவறிட்டார், அவகாசம் வேணும்னு வந்து சொல்லிடும். மேல ஒரு கேஸுல இருக்கு. வந்துடும். நீ தைரியமா இரு.”

சொன்னாரே ஒழிய அவர் கேட்டுக்கொண்டிருந்தது வேறு எதையோ. வெயில் சாய்ந்து விழுந்தது. புறாக்கள் முனகின. எல்லாமே முந்தைய வாய்தா மாதிரியே, அதற்கும் முந்தைய வாய்தா மாதிரியே இருந்தன. ஒரு மனிதர் இல்லை என்பதை அந்த நடைக்கு யாரும் சொல்லவில்லை போலிருந்தது.

“நூத்தி எழுபத்திரெண்டு!” என்றான் டவாலி.

தையல்காரி உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கொழுந்தனின் வக்கீல் எழுந்து நின்றார். பக்கத்து ஆபீஸ் பெண்ணைக் காணவில்லை.

“நூத்தி எழுபத்திரெண்டு! எதிர்த்தரப்பு!”

அவள் வாசலைப் பார்த்தாள். குமாஸ்தா தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். கண் தூரத்தில் இருந்தது. மூன்றாம் தடவை கூப்பிட டவாலி மூச்சை இழுத்தான். அப்போது அவளுக்கே கேட்டது. கீச்-தட். கீச்-தட். நடையில் நிதானமாக வந்துகொண்டிருந்தது. குமாஸ்தாவின் முகத்தில் விளக்கேற்றியது போல ஒரு வெளிச்சம்.

“ஆஜருங்கம்மா!” என்றார் கணீரென்று. “வக்கீல் வந்துட்டே இருக்கார்!”

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். கூஜாவில் தண்ணீரோடு உள்ளே நுழைந்தான் கோர்ட்டு வாட்ச்மேன். காலில் ஐயாவின் பூட்ஸ். இத்தனை பேர் தன்னையே பார்ப்பதைக் கண்டு நின்றுவிட்டான்.

“என்னங்க? நான் என்ன பண்ணேன்?”

கொழுந்தனின் வக்கீல் மேசையைத் தட்டினார். “சனிக்கிழமை செத்துப் போனவரை ஆஜர்னு சொல்றார் இந்தக் குமாஸ்தா. கோர்ட்டை ஏமாத்தற வேலை இது!”

ஊருக்குப் போய்விட்டு அன்று காலை ரயிலில்தான் திரும்பியிருந்த நீதிபதி அம்மாவுக்கு ஐயா இறந்த செய்தியே அப்போதுதான் தெரிந்தது. குமாஸ்தாவை முன்னால் கூப்பிட்டார்.

“யாரு ஆஜர்னு சொன்னீங்க?”

குமாஸ்தா கூண்டுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“பூட்ஸ் சத்தம் கேட்டுச்சும்மா. முப்பத்தோரு வருஷமா அந்தச் சத்தத்துக்குத்தான் ஆஜர் சொல்லிட்டு வர்றேன். இன்னிக்கும் வந்துச்சு. சொல்லிட்டேன்.”

“அம்மா, நேத்து துக்கம் கேக்கப் போனேன், அந்த வீட்டம்மா எனக்குக் குடுத்தாங்கம்மா” என்றான் வாட்ச்மேன். “தப்புன்னா இப்பவே கழட்டிடறேன்.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. கொழுந்தனின் வக்கீல் விடவில்லை. “எப்படியிருந்தாலும் அவங்க பக்கம் யாரும் இல்லை. கடைசி வாய்தான்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. முடிச்சுக் குடுங்க.”

நீதிபதி அம்மா தாளைப் புரட்டினார். பேனாவைத் திறந்தார். அந்த மூடி கழல்கிற சின்னச் சத்தத்தில் தையல்காரிக்குத் தன் அறை தெரிந்தது. மேசை, கம்பி, பாதி தைத்த சட்டைகள்.

“கட்சிக்காரங்களாவது வந்திருக்காங்களா?” என்று நிமிராமலே கேட்டார் அந்தம்மா.

அவள் குமாஸ்தாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். ‘நீயே பார்த்துக்கோப்பா’ என்று உள்ளுக்குள் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து நின்றாள்.

“நான் இருக்கேம்மா.”

“ஏன் இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தீங்க?”

“நான் பேசலாமாம்மா? நான்தான் ஐயாவுக்கு எழுதிக் குடுத்துட்டேனே.”

நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க எழுதிக் குடுத்தது அவரோட முடிஞ்சுது. அது இப்ப உங்க கைக்கே திரும்பி வந்தாச்சு. பேசுங்க. அந்த ரூம் எப்படி உங்களுதுன்னு சொல்றீங்க?”

ஆறு வருஷமாக அவளை யாரும் அதைக் கேட்டதில்லை. பதில் மனுவில் அவள் கதை முழுவதும் ‘அனுபோகம்’ என்கிற ஒரே சொல்லுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் இப்போது அதைப் பிரித்தாள்.

“நான் கல்யாணம் ஆகி வந்தப்ப அந்த ரூமுக்குத் தெருப்பக்கம் வாசலே இல்லம்மா. ஜன்னல்தான். என் வெட்டுற மேசை வீட்டுக்குள்ள நுழையல. ரெண்டு நாள் மழையில நின்னுச்சு. என் மாமனார் பார்த்தாரு. ‘அம்மாடி, உன் டேப்பைக் குடு’ன்னாரு. மேசையோட அகலத்தை அளந்தாரு. கொத்தனாரைக் கூப்பிட்டு, ஜன்னலை இடிச்சு, அந்த அளவுக்கே வாசல் வெச்சாரு. இது உன் மேசைக்கு வெச்ச வாசல், இனிமே இந்த ரூம்ல உன்னைத் தவிர யாருக்கும் வேலையில்லன்னு தெருவே கேக்கச் சொன்னாரு. கொத்தனார் இன்னும் உயிரோட இருக்காரு. மேசையும் இருக்கு. வாசலும் இருக்கு. யார் வேணா வந்து அளந்து பார்க்கட்டும்மா. நாப்பத்திரெண்டரை இஞ்சு.”

கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாசல் வைத்த அன்று கல் சுமந்தவன் அவன்தான்.

அப்போதுதான் பக்கத்து ஆபீஸ் பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள். “மன்னிக்கணும், மேல கோர்ட்டுல...” என்று ஆரம்பித்தவளை நீதிபதி அம்மா கையமர்த்தினார். “இவங்க பேசி முடிச்சாச்சு. இனிமே சட்டத்தை நீங்க பேசுங்க” என்றார். அறையை அளந்து வர ஒரு வக்கீலைக் கோர்ட்டுக் கமிஷனராக நியமித்து அனுப்பினார். தீர்ப்பு எழுதப் போன பேனா மூடிக்கொண்டது.

தப்பியது அறை. மாட்டிக்கொண்டது குமாஸ்தா. நீதிபதி அம்மா மன்னிப்புக் கடிதம் ஒன்று வாங்கிக்கொண்டு அதோடு விட்டுவிட்டார். ஆனால் கொழுந்தனின் வக்கீல், குமாஸ்தாக்கள் சங்கத்துக்குப் புகார் எழுதிப் போட்டார். குமாஸ்தாவின் அடையாள அட்டையைச் சங்கம் திருப்பி வாங்கிக்கொண்டது. அது இல்லாமல் கோர்ட்டு வாசலைத் தாண்ட முடியாது. வேறு வக்கீலிடம் சேரலாம் என்றால், கோர்ட்டில் குரல் கொடுத்த குமாஸ்தாவை யார் வைத்துக்கொள்வார்? “நாளைக்கு எங்களுக்கும் முன்னால ஆஜர் சொல்லிடுவீங்களே” என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சிரித்தாராம்.

தையல்காரி அவர் வீட்டுக்குப் போனாள். பக்கத்து ஆபீஸ் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய புது வக்காலத்து அவள் கையில் இருந்தது.

“இதுல உங்க பேரை எழுத முடியாதாண்ணே?” என்று கேட்டாள். வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

“எழுதினா ரெண்டு பேரும் சேர்ந்து உள்ள போகலாம், அரசாங்கச் சோறு” என்றார் குமாஸ்தா.

அவர் வீட்டுக்காரம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். “எழுதும்மா, எழுது. இப்பத்தான் இந்த மனுஷன் வீட்டுல ஆஜர் ஆயிருக்காரு. முப்பத்தோரு வருஷ வாய்தா!”

அவர் சிரித்தார். ஆனால் கண் தூரத்துக்குப் போகவில்லை. பக்கத்திலேயே, தரையிலேயே கிடந்தது. புது வக்காலத்தை வாங்கி ஒரு வரி விடாமல் வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, “கையெழுத்துப் போடு. ஆனா இந்தத் தடவை, நாம குடுக்கறோம்னு தெரிஞ்சு குடு” என்றார்.

அதன் பிறகு கோர்ட்டு நடையில் அவள் தனியாக உட்கார்ந்தாள். பெஞ்சில் பக்கத்து இடம் காலியாக இருக்கும். யாராவது உட்கார வந்தால் அவளை அறியாமல் பையை அந்த இடத்தில் வைப்பாள். குமாஸ்தா ஒரு புத்தகம் தைக்கிற கடையில் தாள் அடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டாள். கமிஷனர் வந்து வாசலை அளந்தார், மேசையை அளந்தார். கொத்தனார் வந்து சாட்சி சொன்னார். நான்காம் மாதம் தீர்ப்பு. முன்னறை அவளுக்கே உரியது, யாரும் அவளை வெளியேற்றக் கூடாது. எழுத்துக் கூட்டி அவளே படித்தாள். படித்துவிட்டு மடித்து வைத்தாள். மெஷினில் உட்கார்ந்தாள். கால் மிதியில் நகரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள் மெஷின் ஓடவில்லை. அன்று அவர் குரல் கொடுக்காமல் இருந்திருந்தால் மூன்றாம் தடவை கூப்பிட்டதோடு தீர்ப்பு எழுதியிருப்பார்கள். நான் இந்த அறையில் உட்கார்ந்திருப்பதற்கு ஒரு மனிதர் அவருடைய நாற்காலியிலிருந்து எழுந்து போக வேண்டியதாயிற்றே என்பது நெஞ்சில் ஊசி முனை மாதிரி நின்றது.

ஐந்தாம் நாள் காலை, குமாஸ்தாவும் வீட்டுக்காரம்மாவும் மகள் ஊருக்கே குடி போகிறார்கள் என்று செய்தி வந்தது. போட்டது போட்டபடி பஸ் நிலையத்துக்கு ஓடினாள். அந்தம்மா மூட்டை முடிச்சுகளோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவர் ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். பனி முழுக்க விலகவில்லை. பஸ்களெல்லாம் அதில் பாதி முங்கி, கரையில் கட்டிய தோணிகள் மாதிரி அசைந்துகொண்டிருந்தன.

“தீர்ப்பு வந்துடுச்சாமே? கொழுந்தன் என்ன சொல்றான்?” என்று கேட்டார்.

“அப்பீல் போவேன்னு தெருவுல நின்னு கத்தினாரு. அப்புறம் பையனுக்கு யூனிஃபார்ம் தைக்கத் துணி குடுத்துட்டுப் போனாரு.”

“அப்ப அப்பீல் போக மாட்டான்.”

அவள் தீர்ப்பு நகலை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் அழுதுவிட்டாள்.

“என்னால முடியலண்ணே. ரூம் கெடைச்சதும் குதிப்பேன்னு நெனச்சேன். மெஷினே ஓட்ட முடியல. உங்க வேலை போய்த்தானே எனக்கு இது நின்னுச்சு? நான் எந்த வாயால சந்தோஷப்படறது? எனக்கும் சேர்த்து நீங்களே சந்தோஷப்பட்டுக்குங்க. எனக்கு அது போதும்.”

கண்டக்டர் விசில் ஊதினான். உள்ளேயிருந்து அந்தம்மா, “ஏறுங்க, பஸ்ஸுக்கும் வாய்தா கேக்காதீங்க” என்றாள். குமாஸ்தா படியில் ஒரு கால் வைத்தார். திரும்பி அவளை, அவளை மட்டும், நேராகப் பார்த்தார்.

“அது நடக்காது தங்கச்சி” என்றார். “அழறதுக்குக்கூட கூலிக்கு ஆள் கெடைக்கும். சந்தோஷத்துக்கு ஆள் வைக்க முடியாது. அதை நீயேதான் படணும். போ, போய் மெஷினை ஓட்டு.”